ஆட்டமும் அலைச்சலும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடும். விநாயகர், முருகர் தேர்கள் முன்னே போக, அண்ணாமலையாரின் மகாரதம் நடுவில் வரும். அதன்பின் பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், கடைசியில் சண்டிகேசுவரர். பார்க்க வந்தவர்களின் கண் கலசத்தில் இருக்கும். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய விஷயம் தரையில் நடக்கிறது. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நகரும் சிலர், கையில் முட்டுக்கட்டையோடு, சாலையையும் சக்கரத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு அச்சுகளும் அடிச்சட்டத்தோடு பிணைந்தவை. சக்கரம் உருளும், திரும்பாது. வடத்தை நேராக இழுத்தாலும் வீதி ஒரு பக்கம் சரிந்திருந்தால் தேர் அந்தப் பக்கம் ஒதுங்கும். ஒதுங்கத் தொடங்கியதுமே கட்டை போடுகிறவர் முட்டுக்கட்டையை எதிர்ப்பக்கச் சக்கரத்தின் முன் சாய்வாகச் செருகுவார். சக்கரம் கட்டையில் உரசித் தடைபடும். கட்டை போட்ட பக்கம் பின்தங்க, மற்றப் பக்கம் முந்தும். தேரின் முகம் சற்றே திரும்பும். கட்டையை உருவிவிடுவார். பத்தடி போனதும் மறுபடி கட்டை. மூலையில் திருப்புவது இன்னும் பெரிய வேலை. அச்சு திரும்பாத வண்டி வளைய வேண்டுமானால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டே ஆக வேண்டும். திருவாரூர் ஆழித்தேரைத் திருப்பும்போது மூலைகளில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போடுவது இதற்காகத்தான். அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனால் திசை காட்டும் வேலை இன்றும் கட்டையிடம்தான் இருக்கிறது.

இதில் ஓர் அடிப்படை உண்மை தெரிகிறது. நான்கு சக்கர வண்டி தானாக நேராகப் போகாது. யாரோ, எதுவோ, ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் நேராகப் போகிறது. தேரில் அந்தத் திருத்தத்தை மனிதர்கள் செய்கிறார்கள். மோட்டார் வண்டியில் அதைப் பாதி ஓட்டுநரும் பாதி சக்கரங்களை நிறுத்தியிருக்கும் கோணமும் செய்கின்றன. கோணம் தன் பங்கைச் செய்யாவிட்டால் முழுச் சுமையும் ஓட்டுநரின் கைக்கு வந்துவிடும். பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கத்திலிருந்து திருவண்ணாமலை வரை நேர்ச் சாலையில் வந்து இறங்கினாலும் தோள் வலிக்கும்.

இரண்டு கோளாறு, ஒரே புகார்

இந்தியாவில் ஜீப்பின் கதை 1947-இல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் அந்த ஆண்டு பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு சி.ஜே.3பி வந்தது. 1980-களில் டீசல் என்ஜினோடு எம்.எம்.540 வந்தது. என்ஜின் மாறியது, முகப்பு மாறியது. அடிப்படை மாறவில்லை. குழாய் போன்ற ஒரே முன்அச்சு, இருபுறமும் பட்டைகளை அடுக்கிய வில், நீளக் குறைவான உடல். கரடுமுரடான இடத்தில் இந்த அமைப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜவ்வாது மலையின் மண்பாதையில் இதன் அருமை தெரியும். அதே வண்டி போளூர் சாலையில் அறுபதில் போகும்போதுதான் குணத்தைக் காட்டும்.

ஓட்டுநர் பட்டறைக்கு வந்து சொல்வது ஒரே வாக்கியம்தான்: ‘ஸ்டியரிங் லூஸு.’ அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது ஆட்டம். ஸ்டியரிங் வீலைத் திருப்புகிறோம், முன்சக்கரம் உடனே அசையவில்லை. நடுவில் எங்கோ ஒரு மூட்டில் இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளி தீர்ந்த பிறகே நம் கையின் செய்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. பட்டறையில் இதை ‘ப்ளே’ என்பார்கள்.

இரண்டாவது அலைச்சல். இணைப்புகள் எல்லாம் இறுக்கமாகவே இருக்கலாம். ஆனாலும் வண்டி இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மேய்ந்துகொண்டே போகும். திருப்பத்தில் ஸ்டியரிங்கை விட்டால் தானாக நடுவுக்குத் திரும்பாது. இது தேய்மானத்தால் மட்டும் வருவதில்லை. கோணம் கெட்டதால் வருவது.

இரண்டையும் ஒன்றாக நினைத்து, இரண்டுக்கும் ஒரே மருந்தாக ஸ்டியரிங் பாக்ஸின் திருகை இறுக்குவதுதான் வழக்கம். அது முதல் கோளாறை மறைக்கும், இரண்டாவதைக் கூட்டிவிடும். ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முப்பது டிகிரி என்றால் எவ்வளவு?

ஆட்டத்துக்குச் சட்டத்திலேயே ஓர் எல்லை உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

30 டிகிரி என்பது காகிதத்தில் சின்ன எண். 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங் வீலின் விளிம்பில் அது சுமார் 11 சென்டிமீட்டர். அதாவது நடுநிலையிலிருந்து இந்தப் பக்கம் 15 டிகிரி, அந்தப் பக்கம் 15 டிகிரி. ஸ்டியரிங் வீல் 15 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜீப்புகளின் விகிதம் ஏறத்தாழ இதுதான். எம்.எம்.540-இன் முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 91 அங்குலம், அதாவது 2.3 மீட்டர். சக்கரம் 1 டிகிரி திரும்பி நின்றால் இந்த வண்டி சுமார் 130 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் அது கடக்கும் தூரம் 16.7 மீட்டர். அந்த ஒரு நொடிக்குள் தன் நேர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகியிருக்கும்.

எதிரே லாரி வரும் கிருஷ்ணகிரி சாலையில் ஒரு மீட்டர் என்பது பெரிய தூரம். சட்டம் அனுமதிக்கும் ஆட்டத்துக்குள்ளேயே இவ்வளவு இடம் இருக்கிறது. ஆகவே எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கிடைத்துவிட்டது என்பது ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இன்னொரு விஷயம். இந்த 30 டிகிரியும் ஒரே இடத்தில் விழுந்த ஆட்டமாக இருப்பது அபூர்வம். பாக்ஸில் கொஞ்சம், டிராக் லிங்கில் கொஞ்சம், நடுவில் இருக்கும் பெல் கிராங்கில் கொஞ்சம், முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் எண்டுகளில் ஆளுக்குக் கொஞ்சம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ‘பரவாயில்லை’ ரகம். வரிசையாகக் கோத்த இணைப்புகளில் ஆட்டம் கழிவதில்லை, கூடிக்கொண்டே போகும்.

கீழே படுத்துப் பார்ப்பது

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், இரண்டு பேர் வேண்டும். செங்கம் சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில் அது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். தகரக் கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, டி.என்.25 பலகையோடு ஒரு ஜீப்.

“அண்ணே, பாக்ஸ ஒரு சுத்து இறுக்கிடட்டா?”

“அவசரப்படாத தம்பி. மொதல்ல கீழ படு. ஜாக்கி போடாத, டயர் தரையிலயே இருக்கட்டும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அனுபவம் இருக்கிறது. வண்டியைத் தூக்கிவிட்டால் டயர் எதிர்ப்பில்லாமல் கூடவே அசையும். தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டு போலவே நடிக்கும். டயர் தரையில் அழுந்தி நிற்கும்போது மூத்தவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டத்தின் எல்லைக்குள் இடமும் வலமுமாக அசைப்பார். இளையவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வருவார். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கிறதோ, அங்கே இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கைக்குத் தெரியும். ‘டொக்’ என்று ஒரு தட்டல் விரலில் ஏறும்.

மூட்டுகளோடு நின்றுவிடக்கூடாது. ஸ்டியரிங் பாக்ஸையே பார்க்க வேண்டும். பாக்ஸ் சேஸியில் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. போல்ட் தளர்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் சேஸி இரும்பில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலோ, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பாக்ஸே எழும்பி அமரும். இது வெறும் ஆட்டம் அல்ல, ஆபத்து. உள்ளே இருக்கும் பற்களை எவ்வளவு சரிசெய்தாலும் இது தீராது.

அடுத்துதான் ஜாக்கி. ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து உள்ளும் வெளியுமாக அசைக்க வேண்டும். அசைந்தால் வீல் பேரிங் தளர்ந்திருக்கலாம், சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் கிங் பின்னின் பேரிங் தளர்ந்திருக்கலாம். இரண்டில் எது? இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்ல வேண்டும். பிரேக் பிடித்தால் ட்ரம்மும் அதைத் தாங்கும் தகடும் ஒன்றாகிவிடும், வீல் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். அப்போதும் சக்கரம் அசைந்தால் ஆட்டம் கிங் பின்னில். ஒரு மிதியில் இரண்டு சந்தேகங்களும் பிரிந்துவிடுகின்றன.

கடைசியாக வில். முன்அச்சை சேஸியோடு பிடித்திருப்பவை வில்லின் முனைகளில் உள்ள புஷ்ஷுகளும் அச்சை வில்லோடு கட்டும் யூ போல்ட்டுகளும்தான். இவை தளர்ந்தால் அச்சு முழுதுமே திரும்பும். இரண்டு வில்களுக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் இருக்கிறது, ஒரு பக்கம் அச்சு 5 மில்லிமீட்டர் முன்னே நகர்கிறது என்று கொள்வோம். அச்சு 0.4 டிகிரி திரும்பியிருக்கும். ஸ்டியரிங்கைத் தொடாமலே 6 டிகிரி திருப்பியதற்கு அது சமம். பள்ளத்தில் ஒரு முறை இந்தப் பக்கம், பிரேக் போட்டால் அந்தப் பக்கம். ‘வண்டி சொல்பேச்சு கேட்கவில்லை’ என்று ஓட்டுநர் சொல்வது பல நேரம் இதைத்தான். டை ராடையும் பாக்ஸையும் மாற்றிவிட்டு, கடைசிவரை புஷ்ஷைப் பார்க்காமலே விட்ட வண்டிகள் ஏராளம்.

பெட்டிக்குள் ஒரு மேடு

இப்போது அந்தத் திருகுக்கு வருவோம். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இருந்தது ராஸ் வகை ஸ்டியரிங் பாக்ஸ். ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் திருகுபோல் சுற்றிவரும் பள்ளம் வெட்டிய ஓர் உருளை. அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு கூம்பு முளைகள் பதிந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பள்ளம் சுழலும், முளைகள் அதோடு நகரும், அவற்றைத் தாங்கும் கை அசையும், அந்த அசைவு டிராக் லிங்க் வழியாகச் சக்கரத்துக்குப் போகும்.

இதில் வடிவமைத்தவரின் நுட்பம் ஒன்று இருக்கிறது. பள்ளம் முழுக்க ஒரே ஆழம் கிடையாது. வண்டி நேராகப் போகும் நிலையில் முளைகள் நிற்கும் இடத்தில் ஆழம் சற்றே குறைவு. நேர்ச் சாலையில் துளி ஆட்டமும் கூடாது, முழுதாக வளைக்கும்போது கொஞ்சம் தளர்வு இருந்தால் பாதகமில்லை என்பது கணக்கு. ஆகவே இந்தப் பாக்ஸைச் சரிசெய்யும் திருகைத் தொடுவதற்கு முன் முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். ஓரத்தில் திருப்பி வைத்துக்கொண்டு இறுக்கினால், நடுவுக்கு வரும்போது அந்த மேட்டில் முளைகள் சிக்கிக்கொள்ளும்.

வண்டி வாழ்நாளின் பெரும்பகுதியை நேராகப் போவதிலேயே கழிக்கிறது. அதனால் அந்த மேடுதான் முதலில் தேயும். நடு தேய்ந்து, ஓரங்கள் புதிதாகவே இருக்கும். இந்த நிலையில் நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால் என்ன ஆகும்? நடு சரியாகும், ஓரங்கள் இறுகும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது, கையால் இழுத்து வர வேண்டியிருக்கும். ஆட்டத்துக்குச் செய்த வைத்தியம் அலைச்சலை வரவழைத்துவிட்டது. தேய்ந்த பாக்ஸுக்குத் திருகு தீர்வல்ல. பள்ளமும் முளையும் மாற வேண்டும். பின்னாள் வண்டிகளில் வந்த, எஃகுக் குண்டுகள் உருளும் வகைப் பாக்ஸிலும் விதி இதேதான். சக்கரம் நேராக நிற்கும்போது சரிசெய், ஓரம்வரை திருப்பி எங்கும் பிடிக்கவில்லை என்று பார்.

மூன்று டிகிரியின் வேலை

ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது எப்படி? ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். அந்தச் சக்கரம் தன்னைத் தாங்கும் தண்டுக்கு நேர் கீழே இருக்காது, சற்றுப் பின்தள்ளி இருக்கும். ஸ்ட்ரெச்சரை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் சுழன்று பின்னால் போய் நின்றுகொள்ளும். பிடிக்கும் புள்ளி முன்னால், உரசும் புள்ளி பின்னால் என்று இருந்தால் உராய்வே சக்கரத்தை நேர்ப்படுத்தும்.

ஜீப்பில் இதைச் செய்வது கிங் பின்னின் சாய்வு. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவது எந்த அச்சைச் சுற்றியோ அதுதான் கிங் பின். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதன் தலை வண்டியின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதற்குக் காஸ்டர் கோணம் என்று பெயர். வில்லிஸ் குறித்துக் கொடுத்த அளவு 3 டிகிரி. அந்தச் சாய்ந்த கோட்டைத் தரைவரை நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். 6.00-16 டயரின் ஆரம் சுமார் 36 சென்டிமீட்டர் என்றால் இந்த இடைவெளி 19 மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலம் கூட இல்லாத அந்த இடைவெளிதான் ஓட்டுநருக்கு மாற்றாக ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. மேட்டில் தட்டிச் சக்கரம் விலகினால் உராய்வு அதை மீண்டும் நேருக்கு இழுக்கிறது.

மூன்றே டிகிரிதானே, எளிதில் தொலைந்துபோகும். இந்த ஜீப்புகளில் முன்வில்லைச் சேஸியில் தொங்கவிடும் அசையும் இணைப்பான ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று நீளமான ஷாக்கிள் போட்டால் வில்லின் முன்முனை தாழும். அதோடு அச்சும் முன்பக்கமாக உருண்டு கிங் பின் நிமிரும். மூன்று டிகிரி ஒன்றரையாகும், சில வண்டிகளில் பூஜ்யமும் ஆகும். பார்க்கக் கம்பீரமான வண்டி, ஓட்டினால் மேயும். முன்வில்லின் பட்டைகள் தளர்ந்து வளைவு போன வண்டியிலும் கோணம் இடம் மாறும். மாறாகப் பின்பக்கம் ஆளும் மூட்டையும் ஏற்றிப் பின்வில் அமுங்கினால் காஸ்டர் கூடுகிறது. ஆனால் முன்டயரின் மேல் பாரம் குறைந்து பிடிமானம் போகிறது. மலையேற்றத்தில் இந்தப் பிடிமானக் குறைவு இன்னும் பெருகும்.

குறைந்துபோன காஸ்டரை மீட்க வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகட்டைச் செருகுவார்கள். கிங் பின்னின் தலை பின்னால் சாயும்படி அந்த ஆப்பு அமைய வேண்டும். திருப்பிப் போட்டால் இருப்பதும் போகும். அளவுக்கு மிஞ்சியும் போகக்கூடாது. முன்அச்சை அப்படி உருட்டும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்குகிறது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கூடுதல் கோணத்தில் வளைந்து வேலை செய்ய வேண்டிவரும். ஸ்டியரிங்குக்காகப் போட்ட ஆப்புக்கு நான்கு சக்கர இயக்கம் விலை கொடுக்கும். நீளமான ஷாக்கிளைக் கழற்றிப் பழைய அளவைப் போடுவதே மலிவான வைத்தியம்.

இரண்டாவது கோணம் டோ-இன். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே நெருங்கியிருக்க வேண்டும். பழைய ஜீப்புக்குச் சொல்லப்பட்ட அளவு ஓர் அங்குலத்தில் 64-இல் 3 பங்கு முதல் 32-இல் 3 பங்கு வரை. அதாவது 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். சாலையில் ஓடும்போது தரையின் இழுப்பு சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளும். மூட்டுகளில் எஞ்சிய சிறு இடைவெளிகள் அதில் தீர்ந்து, சக்கரங்கள் இணையாக நிற்கும். டோ-இன் இல்லாமல் விரிந்து நின்றால் ஒவ்வொரு சக்கரமும் தன் பக்கம் வண்டியை இழுக்கும். எந்தச் சக்கரத்தின் பிடி அந்த நொடியில் பலமோ அந்தப் பக்கம் வண்டி போகும்.

இதை அளக்கக் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் கட்டாயமில்லை. டயரின் நடுவில் சாக்பீஸ் தடவி, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஆணிமுனையால் மெல்லிய கோடு கீற வேண்டும். இரண்டு டயருக்கும் கீறியபின் வண்டியை இறக்கிச் சற்று உருட்டி நிறுத்த வேண்டும். வீல் மையத்தின் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்து, அந்த இடத்தில் குறி வைக்க வேண்டும். வண்டியை முன்னே தள்ளி அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமே டோ. அதே குறியை இரண்டு முறையும் அளப்பதால் ரிம்மின் சிறு நெளிவு கணக்கைக் கெடுக்காது.

மூன்றாவது விஷயம், வளைவில் இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்பக்கூடாது என்பது. உள்சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. எம்.எம்.540 போன்ற வண்டி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் உள்சக்கரம் சுமார் 28 டிகிரியும் வெளிச்சக்கரம் சுமார் 22 டிகிரியும் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்கு வழி கண்டவர் மியூனிக்கைச் சேர்ந்த கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர். 1818-இல் இங்கிலாந்தில் அவருக்காக அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் அக்கர்மான். பெயர் வாங்கியவருக்கே நிலைத்துவிட்டது. தேர் மூலையில் சக்கரங்களை இழுத்துத் திருப்ப வேண்டியிருப்பதும், ஜீப் உருண்டபடியே திரும்புவதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான். டை ராட் வளைந்திருந்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். பாறையில் அடிபட்டு வளைந்த டை ராடைத் தட்டி நிமிர்த்திப் போடுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. நிமிர்த்திய இரும்பு அதே இடத்தில் மறுபடி வளையும்.

திடீரென வரும் நடுக்கம்

ஆட்டமும் அலைச்சலும் மெல்லத் தொந்தரவு செய்பவை. மூன்றாவது ஒன்று உண்டு, அது சொல்லாமல் வரும். ஐம்பதில் போகும்போது ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. அடுத்த கணம் ஸ்டியரிங் இரு பக்கமும் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. பிடித்து நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைத்தால் மட்டுமே அடங்கும்.

ஒரே அச்சு உள்ள வண்டிக்கே உரிய குணம் இது. ஒரு சக்கரம் மேலே போனால் அச்சு சாயும், அச்சோடு இரண்டு சக்கரங்களும் சாயும். வேகமாகச் சுழலும் எந்தப் பொருளையும் சாய்த்தால் அது சாய்த்த திசையில் மட்டும் போகாது, அதற்குச் செங்குத்தான திசையில் திரும்பப் பார்க்கும். சாய்ந்த சக்கரம் கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. திரும்பியதால் தரை அதைத் திருப்பி அடிக்கிறது. அந்த அடி அச்சை மறுபக்கம் சாய்க்கிறது. இந்தச் சுழற்சி டயரும் வில்லும் இயல்பாக அதிரும் வேகத்தோடு பொருந்திவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வு வளரும்.

இந்தச் சுழற்சியை அடக்க வேண்டியது கிங் பின் பேரிங்கின் இறுக்கம். ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அந்த இறுக்கத்தை அமைக்கிறார்கள். டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டி இழுத்து, எவ்வளவு விசையில் அசைகிறது என்று பார்ப்பது முறையான வழி. அந்த இறுக்கம் போய்விட்ட வண்டியில் ஸ்டியரிங் டேம்பர் என்னும் சின்ன ஷாக் அப்சார்பரை மாட்டினால் நடுக்கம் நின்றதுபோல் இருக்கும். காரணம் உள்ளேயே இருக்கும். டேம்பர் களைத்ததும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

தரையிலிருந்து மேலே

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் பழுது பார்க்கும் வரிசை தானாகத் தெளிவாகிறது. கையிலிருந்து தொடங்கிக் கீழே போவது தவறு. தரையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்.

முதலில் டயர். இரண்டு முன்டயரிலும் காற்று ஒரே அளவா, இரண்டும் ஒரே வகையா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்றால் மேலே செய்யும் எதுவும் பலிக்காது. கட்டை கட்டையாகப் பூ வைத்த காட்டு டயர் தார்ச்சாலையில் இயல்பாகவே கொஞ்சம் நெளியும், அதை ஸ்டியரிங்கின் தலையில் கட்டக்கூடாது. அடுத்து வீல் பேரிங், கிங் பின். பிறகு வில்லின் புஷ்ஷும் யூ போல்ட்டும். அதன்பின் டை ராட் எண்டுகள், பெல் கிராங்க், டிராக் லிங்க். பிறகு பாக்ஸைச் சேஸியோடு பிணைக்கும் போல்ட்டுகள். எல்லாம் முடிந்த பிறகு பாக்ஸின் திருகு, சக்கரங்கள் நேராக நிற்கும்போது. கடைசியில் காஸ்டரும் டோ-இன்னும். தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு கோணம் அளந்தால் அளக்கும்போது ஒரு எண், ஓடும்போது வேறு எண் வரும்.

இந்த வரிசையில் வேலை செய்தால் பெரும்பாலான வண்டிகளில் பாக்ஸின் திருகைத் தொடவே தேவை இருக்காது. கிரீஸ் நிப்பிள்களுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடித்து, கிழிந்த ரப்பர் மூடிகளை மாற்றினாலே ஆட்டம் பிறப்பது தள்ளிப்போகும். மூட்டுக்குள் மண் புகுந்தால் அது சாணை பிடிக்கத் தொடங்கிவிடும். ஆற்று மணலில் இறங்கி ஏறும் வண்டிக்கு அந்த ரப்பர் மூடி, பேரிங்கைவிட முக்கியம்.

வேலை முடிந்தபின் சோதனை இரண்டு. காலி இடத்தில், நடைவேகத்தில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்த வேண்டும். வண்டி உருள உருள அது தானாக நடுவை நோக்கி வர வேண்டும். வரும், ஆனால் கடைசிவரை வராது. அதில் தவறில்லை, பழைய ஜீப்பின் இணைப்புகளில் அந்த அளவு உராய்வு இருக்கும். பிறகு போக்குவரத்து இல்லாத நேர்ச் சாலையில் நாற்பதில் ஓட்டி, ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காமல் விரல்கள் தொட்டிருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். கை திருத்த வேண்டிய வேலை குறைந்திருந்தால் கோணம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

அதற்குப் பிறகும் ஸ்டியரிங்கில் இரண்டு விரல் அகலம் அசைவு மிஞ்சும். அது கோளாறல்ல. பாறையில் ஏறும் ஒவ்வொரு முறையும் அச்சு ஒரு பக்கமும் சேஸி ஒரு பக்கமும் முறுக்கிக்கொள்ள, இரண்டையும் இணைக்கும் ராடுகள் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். அந்த அசைவையும் ஒழித்துக் கார்போல ஓட வைக்க வேண்டும் என்று பாக்ஸை மேலும் இறுக்குகிறவர், ஜீப்பைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டுக் கெடுக்கத் தொடங்குகிறார்.